வத்தல், மல்லி, மருந்துச் சரக்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் தானியமும் வத்தலும் வாங்கி விற்கிறவன் கையில் இரண்டு வகைச் சரக்கு வந்து போகும். முண்டு வத்தல், சம்பா வத்தல், மல்லி, குதிரைவாலி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, எள் இவையெல்லாம் அடுப்படிக்குப் போகிறவை. நித்தியகல்யாணி இலையும் வேரும், அவுரி இலையும் காயும் மருந்துக் கம்பெனிக்குப் போகிறவை. இரண்டும் விளைவது இந்த வானம் பார்த்த பூமியில்தான், நிறுக்கிற தராசும் ஒன்றுதான். ஆனாலும் இந்தத் தொழிலில் தலை நரைத்த எவனும் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதமாட்டான். கொஞ்ச காலமாகச் சந்தை வேறு மாதிரிப் பேசுகிறது. குதிரைவாலிப் பொட்டலத்தில் சர்க்கரை நோய்க்கு நல்லது என்று அச்சடிக்கச் சொல்கிறார்கள். மஞ்சளைக் குப்பியில் அடைத்து மாத்திரை விலைக்கு விற்கிறார்கள். இதைக் கண்டு எரிச்சலடைந்த படித்தவர்கள் சிலர், சாப்பாட்டில் மருந்துமில்லை மண்ணாங்கட்டியுமில்லை என்று மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு பேச்சும் சரக்கைக் கையில் எடுத்துப் பார்க்காத பேச்சு. அன்றாட உணவில் இருக்கும் தாவரச் சேர்மங்களால் உடம்புக்கு நன்மை உண்டு. அது சிறிய நன்மை, நாள்பட்ட நன்மை. களத்தில் காயப்போடுவதில் தொடங்கி வாணலியில் தாளிப்பது வரை அந்தப் பொருளை நாம் நடத்துகிற விதத்தைப் பொறுத்தே அது தட்டுக்கு வருகிறது, அல்லது வழியிலேயே தொலைகிறது. எனக்குத் தெரிந்த சரக்குகளை வைத்தே இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் இந்தச் சேர்மங்கள் செடிக்கு எதற்கு என்பதைப் பார்த்துவிடலாம். மிளகாயின் உறைப்பு மனிதனின் நாக்குக்காக உண்டானதல்ல. பொலிவியாவில் காட்டு மிளகாயை ஆராய்ந்தவர்கள் 2008-இல் வெளியிட்ட முடிவு இது: பூச்சி குத்திய ஓட்டை வழியாகப் பூஞ்சை புகுந்து விதையைக் கெடுக்கிறது, கேப்சைசின் என்ற உறைப்புப் பொருள் அந்தப் பூஞ்சையை அடக்குகிறது. விதையை மென்று அழிக்கும் எலி வகைகளை அந்த உறைப்பு விரட்டும். விதையை முழுசாக விழுங்கி வேறிடத்தில் எச்சமிடும் பறவைகளுக்கோ அது உறைப்பதே இல்லை. மல்லியின் மணம், எள்ளின் கசப்பு, சோளத்துத் தோலின் துவர்ப்பு எல்லாமே ஓடிப்போக முடியாத ஒரு உயிர் தனக்காகச் செய்துகொண்ட தற்காப்பு. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்கிறது, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நீர் குறையும்போது செடியின் வளர்ச்சி சுணங்கும், பல செடிகளில் இந்தத் தற்காப்புப் பொருள்களின் செறிவு கூடும். ஆகவே மானாவாரி விளைச்சலுக்குக் காரசாரம் அதிகம் என்று ஊரில் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஓரளவுதான். எல்லா ரகமும் வறட்சிக்கு இப்படி ஈடுகொடுப்பதில்லை, மிளகாயின் உறைப்பை மண்ணைவிட ரகம்தான் அதிகம் தீர்மானிக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு வத்தல் நம் எல்லையை ஒட்டிய கமுதி, முதுகுளத்தூர் மண்ணில் விளைவது. உருண்டையாக, தோல் பளபளப்பாக, குலுக்கினால் விதை சலசலக்க இருக்கும். உறைப்பில் அதை அடித்துத் தள்ளும் ரகங்கள் நாட்டில் பல உண்டு. கரிசல் மண் என்று சொல்லி உறைப்பை விற்கிற வியாபாரி பாதி விளம்பரம்தான் செய்கிறான்.

மிளகாயில் உறைப்பு இருப்பது விதையில் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது ஊறுவது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வில். விதைக்கு அங்கிருந்து ஒட்டிக்கொண்டதுதான். இந்தக் கேப்சைசின் நாக்கில் எந்த நரம்பு வாசலைத் தட்டுகிறது என்பதை டேவிட் ஜூலியஸ் குழு 1997-இல் கண்டுபிடித்தது. சுடுகிற வெப்பத்தை உணர்கிற அதே வாசல்தான் உறைப்பையும் உணர்கிறது. அந்த வேலைக்காக அவருக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த வாசலைத் திரும்பத் திரும்பத் தட்டினால் நரம்பு மரத்துப்போகும். அக்கி வந்து போன பிறகு நீடிக்கும் நரம்பு வலிக்கு 8 சதவீதக் கேப்சைசின் ஒட்டுப்பட்டையை மருத்துவர்கள் பயன்படுத்துவது இந்தக் காரணத்தால்தான். அது மருந்து, அளவோடு, மேற்பார்வையோடு. குழம்பில் போடும் வத்தலின் கதை வேறு. சீனாவில் ஏறத்தாழ 4,87,000 பேரைச் சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் கவனித்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. வாரத்தில் ஆறேழு நாள் காரமாகச் சாப்பிட்டவர்களிடம், அபூர்வமாகச் சாப்பிட்டவர்களைவிட இறப்பு வீதம் 14 சதவீதம் குறைவு என்றது அது. இதை எடுத்துக்கொண்டு வத்தல் ஆயுளைக் கூட்டும் என்று எழுதினால் வியாபாரம் சூடுபிடிக்கும். ஆனால் இது கவனித்து எழுதிய கணக்கு, சோதித்து நிறுவிய முடிவு அல்ல. காரம் தின்பவர்கள் வேறென்ன தின்றார்கள், எப்படி உழைத்தார்கள் என்பதை முழுக்கக் கழித்துவிட முடியாது. எதிர்த் தட்டிலும் எடை இருக்கிறது. மெக்சிகோ நகரத்து ஆய்வு ஒன்று 1994-இல், மிளகாய் மிக அதிகமாகத் தின்பவர்களிடம் இரைப்பைப் புற்றுநோய் கூடுதலாக இருப்பதாகச் சொன்னது. இரண்டு ஆய்வும் மிளகாயைப் பற்றியவை, முடிவு மட்டும் எதிரெதிர்த் திசையில். எதை நம்புவது?

இங்கேதான் களத்து ஆளின் கேள்வி வருகிறது: எந்த வத்தல்? பழுத்த பழத்தைக் கொய்து வெறுந்தரையில் பரப்புகிறார்கள். பனி இறங்கும் மாசத்தில் இரவு மூடாமல் விட்டால், அல்லது ஈரம் போகுமுன் சாக்கில் கட்டினால், உள்ளே பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சைகளில் ஒருவகை உண்டாக்குவதுதான் அஃப்லடாக்சின், ஈரல் புற்றுநோய்க்கு நிரூபிக்கப்பட்ட காரணங்களில் ஒன்று. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கெட்டுப்போன கடலைப் புண்ணாக்கைத் தின்று செத்தபோதுதான் உலகம் அதை அடையாளம் கண்டது. நம் நாட்டிலேயே 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோர மாவட்டங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிலி நாட்டில் பித்தப்பைப் புற்றுநோய் ஏன் இவ்வளவு என்று தேடியவர்கள் 2015-இல், நோயாளிகளின் ரத்தத்தில் அஃப்லடாக்சின் தடயம் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். அங்கே சந்தேகத்துக்கு ஆளான உணவுகளில் ஒன்று சிவப்பு மிளகாய். குற்றம் சாட்டப்படுவது செடி உண்டாக்கிய உறைப்பா, மனிதன் காயவைக்கத் தவறியதால் வந்த பூஞ்சையா என்று பிரித்துப் பார்க்காமல் மிளகாய் நல்லதா கெட்டதா என்று கேட்பதே பிழை. வத்தலில் ஈரம் 11 சதவீதத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பது தர விதி. ஐரோப்பாவுக்குப் போகும் மசாலாச் சரக்கில் மொத்த அஃப்லடாக்சின் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டினால் கப்பலிலிருந்து திருப்பிவிடுவார்கள். அதைத் தாண்டிய வத்தலில் எவ்வளவு கேப்சைசின் இருந்தாலும் அது ஆரோக்கிய உணவாகாது. பூஞ்சைக்கு எதிராகச் செடி உண்டாக்கிய பொருள், செடியைவிட்டுக் கொய்த பிறகு ஈரச் சாக்கில் காவல் காப்பதில்லை. ஆகவே தார்ப்பாயும் மேடான களமும் பற்றிய பேச்சைச் சத்துணவுப் பேச்சுக்கு வெளியே வைக்க முடியாது. என் கணக்கில் அதுதான் முதல் பேச்சு.

இதே நியாயம் சிறுதானியத்துக்கும் பொருந்தும். வரகில் சில ஆண்டு பூஞ்சை பிடித்து, தின்றவனுக்குத் தலை கிறுகிறுத்து வாந்தி வரும். கிறுக்கு வரகு என்று அதற்குப் பெயரே உண்டு. 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்து பாந்தவ்கரில் 10 யானைகள் செத்ததற்குப் பூஞ்சை பிடித்த வரகுப் பயிரே காரணம் என்று சோதனை காட்டியது. வரகு என்ற நல்ல பெயர் அங்கே யாரையும் காப்பாற்றவில்லை.

குதிரைவாலிக்கு வருவோம். கொஞ்ச மழையில் மூன்று மாதத்தில் கைக்கு வரும் பயிர் என்பதால் நம் புஞ்சைகளில் அது இன்றும் நிற்கிறது. அதன் பாலிஃபீனால்களும் நார்ச்சத்தும் எண்ணெய்ச்சத்தும் பெரும்பாலும் இருப்பது உமிக்கு அடியில் உள்ள தவிட்டில். உமியை மட்டும் நீக்கிய அரிசி மங்கிய பழுப்பாக இருக்கும். வாங்குகிறவருக்கு வெள்ளையாக வேண்டும், ஆலைக்காரர் இன்னும் இரண்டு முறை தீட்டுகிறார். அத்தோடு தவிடு மாட்டுத் தொட்டிக்குப் போய்விடுகிறது, வெள்ளை அரிசி சத்தான தானியம் என்ற பட்டத்தோடு பட்டணத்துக்குப் போகிறது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது விற்பனை ஏறியது உண்மை, தீட்டுவதும் கூடவே ஏறியது. இதற்கு எங்கள் தரப்பில் ஒரு நியாயமான பதில் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. தவிட்டோடு இருக்கும் அரிசி சில வாரங்களில் காறல் வாடை அடிக்கும், வண்டும் சீக்கிரம் பிடிக்கும். மாதக்கணக்கில் அலமாரியில் நிற்கிற கடைக்கு அது ஆகாது. கம்பு மாவும் அப்படித்தான். அரைத்த நாலாம் நாள் கசப்புத் தட்டுவதற்குக் காரணம் அதிலுள்ள எண்ணெயை அதே மாவிலுள்ள நொதி சிதைப்பது. ஆகவே தீட்டாத தானியம் வேண்டுமென்றால் உமியோடு வாங்கி வைத்து அவ்வப்போது குத்துகிற ஊர் வழக்கத்தையோ, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி உடைத்துத் தரும் சிறிய ஆலையையோ நாட வேண்டும். இரண்டுக்கும் விலை கூடும். சத்து இலவசமாகக் கிடைக்காது என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லத் தயங்குவது வியாபாரிகளின் குறை.

இந்த இடத்தில் வலுவான ஒரு ஆட்சேபம் உண்டு. கம்பும் சோளமும் தின்று வாழ்ந்த இந்தத் தமிழ்நாட்டில் பெண்களுக்கு ரத்தசோகை ஏன் இவ்வளவு என்று மருத்துவர்கள் கேட்கிறார்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கம்பில் இரும்பு நிறைய இருக்கிறது என்கிறீர்கள், அது எங்கே போனது? முதல் பதில், இன்று தட்டில் இருப்பது பெரும்பாலும் தீட்டிய நெல்லரிசி. ஆனால் அது முழுப் பதில் அல்ல. கம்பின் இரும்பைக் குடலில் சேரவிடாமல் கட்டிப்போடுவதே அதன் தவிட்டிலுள்ள பைட்டிக் அமிலமும் சில பாலிஃபீனால்களும்தான். விதை முளைக்கும்போது தனக்குத் தேவைப்படும் என்று செடி பூட்டிவைத்த பாஸ்பரஸ் அது, நம்மை நினைத்துப் பூட்டியதல்ல. அதாவது, ஒரு கையால் நன்மை செய்யும் சேர்மம் மறு கையால் இரும்பைத் தடுக்கிறது. கம்பை இடித்து, கரைத்து, இரவெல்லாம் புளிக்கவைத்துக் கூழாக்குவது ருசிக்கான ஏற்பாடு மட்டுமல்ல. ஊறும்போதும் முளைக்கும்போதும் புளிக்கும்போதும் அந்தப் பூட்டைத் திறக்கும் நொதிகள் வேலை செய்கின்றன. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ பச்சை மிளகாயோ இருந்தால் அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்க உதவும். சாப்பாடு முடிந்த கையோடு டீ குடித்தால் தேயிலைத் துவர்ப்பு அதைத் திரும்பக் கட்டிப்போடும். ஒரே கம்பு, புளிக்காத உடனடிக் கஞ்சி மாவாக ஒரு பலன், கூழாக வேறொரு பலன். அதற்காகக் கூழ் ரத்தசோகையைத் தீர்க்கும் என்று நான் சொல்லமாட்டேன். உடம்பில் இரும்பு இறங்கிப்போனவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரைதான் வேண்டும், தானியத்தைக் காட்டி அதைத் தள்ளிப்போடச் சொல்பவன் நல்லவன் அல்ல.

பூண்டிலும் இதே பாடம்தான். பல்லை நசுக்கினால்தான் அதிலிருக்கும் நொதியும் மூலப்பொருளும் கலந்து அல்லிசின் உண்டாகும். முழுப் பல்லாகக் கொதிக்கிற குழம்பில் போட்டால் நொதி வெந்து போகும், மணம் வேறாகும். முருங்கைக் கீரையின் கரோட்டினை உடம்பு ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். நல்லெண்ணெயில் சிசமின், சிசமோலின் என்ற பொருள்கள் இருப்பதும், சூட்டில் சிசமோலினிலிருந்து சிசமால் பிரிந்து எண்ணெயைக் காறாமல் காப்பதும்தான் அது மற்ற எண்ணெய்களைவிட நீண்டநாள் கெடாமல் நிற்கக் காரணம். செக்கெண்ணெய் எல்லாமே மருந்து என்று சொல்வது இதிலிருந்து எட்டிக் குதித்த பேச்சு.

அடுத்த ஆட்சேபம் அளவைப் பற்றியது, மிகச் சரியானது. மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் குர்குமின் எடைக்கு 3 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. குர்குமின் தனியாக விழுங்கினால் பெரும்பாலும் ரத்தத்தில் சேராமலே வெளியேறும். மிளகின் பைபரினோடு சேர்த்தால் அது ரத்தத்தில் சேர்வது 2,000 சதவீதம் கூடுகிறது என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினார்கள். உலகம் முழுக்க மஞ்சளும் மிளகும் கலந்த குப்பிகள் விற்பனைக்கு வந்ததற்கு வேர் அதுதான். ஆனால் அந்தச் சோதனையில் கொடுத்த குர்குமின் 2 கிராம். அதைச் சமையல் மஞ்சளில் தேடினால் ஏறத்தாழ 65 கிராம் தூள் வேண்டும், ஒரே வேளைக்கு. குழம்பில் விழுவது சிட்டிகை. ஆகவே ஆய்வகத்தில் குர்குமின் செய்ததையெல்லாம் ரசத்தின் பெயரில் வரவு வைக்கிற கணக்கு செல்லாது. அப்படியானால் சிட்டிகையால் என்ன பயன் என்று கேட்பார்கள். தனியொரு சிட்டிகையால் ஒன்றுமில்லைதான். ஒரு தட்டில் மஞ்சள், மிளகு, மல்லி, வத்தல், வெங்காயம், பூண்டு, கீரை, பயறு, தீட்டாத தானியம் என்று பல்லாயிரம் சேர்மங்கள் நுணுக்கமாகக் கலந்து ஆயுள் முழுக்கத் தினமும் வருகின்றன, நார்ச்சத்தோடும் வருகின்றன. மேலும் அந்தத் தட்டு வந்த இடத்தில் மைதாவும் சர்க்கரையும் பொரித்த பண்டமும் அந்த அளவுக்கு இடம் இழக்கின்றன. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்ட நிலையில், தட்டில் எது எதை வெளியேற்றுகிறது என்பது எந்தச் சேர்மத்தைவிடவும் பெரிய விஷயம்.

நல்லதென்றால் பிழிந்து எடுத்து அதிகமாகக் கொடுத்தால் என்ன என்பது மிச்சமிருக்கும் கேள்வி. இதற்குக் கசப்பான விடை ஏற்கனவே கிடைத்துவிட்டது. காய்கறி அதிகம் தின்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவு, கரோட்டின்தான் காரணமாக இருக்கும் என்று கருதி, பின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, அந்த மாத்திரை தின்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த இதுபோன்ற சோதனையை 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். கீரையில் நல்லபிள்ளையாக இருந்த பொருள் குப்பியில் அப்படி இருக்கவில்லை. உணவுகளின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு ஆற்றல் என்று சோதனைக் குழாயில் அளந்து போட்ட பெரிய பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012-இல் தன் தளத்திலிருந்து எடுத்தேவிட்டது. அந்த எண்கள் உடம்புக்குள் நடப்பதைச் சொல்வதில்லை, விளம்பரக்காரர்கள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதே அவர்கள் சொன்ன காரணம். இன்றும் சிறுதானியப் பொட்டலங்களில் அதே வகை எண்கள் அச்சாகின்றன.

மருந்துச் சரக்கின் பக்கம் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நித்தியகல்யாணியை ஆடு மாடு கடிக்காது. வேலியில்லாத தரிசில் அதைப் பயிரிடத் துணிவதற்கு அதுவும் ஒரு காரணம். அதன் இலையிலிருந்து வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் வருகின்றன, டன் கணக்கான காய்ந்த இலைக்குக் கிராம் கணக்கில். வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. அதை நரம்பு வழியாக மில்லிகிராம் கணக்கில் ஏற்றுவார்கள். இடம் மாறி முதுகுத்தண்டு நீரில் ஏற்றினால் உயிரே போகும். இதெல்லாம் தெரியாமல் அந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அவுரி இலையின் சென்னோசைடு மலமிளக்கியாக உலகெங்கும் போகிறது. மாதக்கணக்கில் தினமும் தின்றால் குடலும் தாது உப்புச் சமநிலையும் கெடும். எந்தச் சேர்மம், எத்தனை சதவீதம், எந்த நோய்க்கு, எத்தனை நாள் என்று எழுதிவைத்து விற்கிற சரக்கு இது. அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் அந்த மரியாதையை மட்டும் மஞ்சளுக்கும் குதிரைவாலிக்கும் கேட்பது நாணயமான வியாபாரம் அல்ல. நோயைக் குணமாக்கும் என்று உணவுப் பொட்டலத்தில் எழுதக் கூடாது என்பதே 2018-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விளம்பர விதிகளின் நிலையும்.

ஆகவே வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை. குதிரைவாலி பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் வேண்டாமென்று சொல்லுங்கள், மங்கிய அரிசியைக் கொஞ்சமாக வாங்கிச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். வத்தலைத் தூளாக வாங்காதீர்கள். 2003-இல் நம் நாட்டு மிளகாய்த் தூளில் சூடான் சாயம் இருப்பதை ஐரோப்பாவில் கண்டுபிடித்தது தூளில்தான், முழு வத்தலில் சாயத்தை மறைப்பது கஷ்டம். இரண்டு வத்தலை உடைத்து உள்ளே பாருங்கள், சாம்பல் நிறத்தில் பூத்திருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் மூட்டையைத் தொடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்கவோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மஞ்சள் மிளகுச் சாரம் அடைத்த குப்பியை வாங்குமுன் அதை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். குழம்பில் போடுகிற மஞ்சளுக்கும் மிளகுக்கும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.